தலையணை மேகம்

பிப்ரவரி 7

என் அக்காள் பெற்ற ஆந்தைக்கு,

மெத்தை மண்டலத்தின் சக்கரவர்த்தியும், பூமியில் உள்ள எல்லாப் படக் கண்காட்சிகளாலும் ஒருமனதாக நிராகரிக்கப்பட்ட ஒரே கலைஞனும், உன் தாய்மாமனுமாகிய நான் நலம். நீ நலமா என்று கேட்கமாட்டேன். தூங்கினாயா என்றுதான் கேட்பேன். அந்தப் பெருநகரத்து வாடகை அறையில் நீ விடிய விடிய உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதாக உன் அம்மா புலம்புகிறாள். மெத்தை விற்பவனின் மருமகளுக்கே தூக்கம் வரவில்லை என்று வெளியில் தெரிந்தால் எங்கள் கடையில் ஈகூட உட்காராது.

'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்று எவனோ சொல்லிவைத்தானே, அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நுரை மெத்தையில் வைத்து அப்படியே சுருட்டிக் கயிறு கட்டிவிடுவேன். என் தொழிலுக்கே வேட்டு வைத்த வாக்கியம் அது.

விஷயத்துக்கு வருகிறேன். இத்துடன் இரண்டு நெகட்டிவ்கள். முதலாவதற்கு 'பிரபஞ்சத்தின் முதல் கொட்டாவி' என்று பெயர். மூன்று உருளைத் தலையணைகளை ஒன்றின் தலையில் ஒன்றாக நிறுத்தி, வெயில் உச்சியைத் தொடும் கணத்துக்காகப் பதினேழு யுகம் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து எடுத்தது. நடுவர்கள் இதைப் பார்த்து விடும் கண்ணீரில் மண்டபம் முழங்கால் அளவு நிறையும். படகு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல். இதை நீ வேலை பார்க்கும் ஸ்டுடியோவின் இருட்டறையில் பெரிதாக அச்சுப்போட்டு, அட்டையில் ஒட்டி, ஏப்ரல் கண்காட்சியின் அமெச்சூர் பிரிவுக்கு என் பெயரில் சேர்த்துவிடு.

இரண்டாவது உன் கண்ணுக்கு மட்டும். கையளவு ஒன்று போட்டு எனக்கு அனுப்பு, போதும். வேறு யாருக்கும் காட்டாதே.

எங்கள் கடை உனக்குத் தெரியும். நீளமான கூடம், இரண்டு பக்கமும் மெத்தைகள், மேற்கே ஒரே கண்ணாடி. பிற்பகலில் வெயில் பிளாஸ்டிக் உறைகளில் பட்டு, கடை முழுக்கப் பால் கொட்டினாற்போல் ஆகிவிடும். படுத்துப் பார்த்து வாங்க வருகிறவர்கள் படுத்ததோடு சரி. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். முதலாளி பிற்பகலில் இருப்பதில்லை, நான் எழுப்புவதில்லை. வியாழக்கிழமைகளில் ஒரு பேருந்து ஓட்டுநரம்மா வருகிறார். என் வயதிருக்கும். இரண்டு நடைக்கு நடுவே அவருக்குக் கொஞ்சம் ஓய்வு. வலப்பக்கம் நாலாவது மெத்தை. தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுப்பார். படுத்த மாத்திரத்தில் தூக்கம். அப்புறம் நடப்பதை நீ நம்பவேண்டும்: கடை மெல்ல நகர ஆரம்பிக்கும். சத்தியமாக. ஜன்னலில் தெருவிளக்குக் கம்பங்கள் பின்னால் போகும். மெத்தைகள் லேசாகக் குலுங்கும். திடீரென்று தூக்கத்திலேயே அவருடைய வலது கால் ஒரு அழுத்து அழுத்தும். கடை நின்றுவிடும். யாரோ ஏறிக்கொள்வார்கள். மறுபடி நகரும்.

நேற்று அந்தக் கால் அழுத்தும்போது எடுத்தேன்.

இப்படிக்கு,
நிராகரிப்புகளின் நாயகன், பஞ்சுப் பேரரசன்,
உன் மாமா

•

பிப்ரவரி 19

மாமாவுக்கு,

பேரரசர் அனுப்பிய உறை கசங்காமல் வந்து சேர்ந்தது.

தலையணைகள் மூன்றையும் பார்த்தேன். போன வாரம் அம்மா தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உன் மாமன் மெத்தையப் படம் எடுக்கறான். மெத்தை அவனப் படம் எடுத்திருந்தா இந்நேரம் பரிசு வந்திருக்கும்." இது அம்மாவின் கருத்து. என் கருத்து இதைவிட மோசம் என்பதால் எழுதவில்லை.

இரண்டாவது படத்தை ஸ்டுடியோவில் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு போட்டேன். சிவப்பு விளக்கில் காகிதம் ரசாயனத் தட்டுக்குள் கிடந்தது. முதலில் தொப்பி வந்தது. அப்புறம் அந்தக் கால், விரல்கள் முன்னே வளைந்து, இல்லாத ஒன்றை மிதித்துக்கொண்டு. முகம் கடைசியாகத்தான் வந்தது, வர மனமில்லாத மாதிரி. படத்தை அலச வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். முதலாளி வந்து கதவைத் தட்டும்வரை படமும் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது, நானும் ஊறிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த ஊருக்கு வந்த பிறகு நான் தூங்கிய முதல் உருப்படியான தூக்கம் அது. உட்கார்ந்துகொண்டே, தலையைத் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் சாய்த்து.

ஒரு சந்தேகம். படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளையாக, புகை மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறதே, அது என்ன? மெத்தை இல்லை, திரைச்சீலையும் இல்லை.

கையளவுப் படம் இத்துடன் இருக்கிறது. கண்காட்சிக்கு அனுப்பவேண்டியதை அனுப்பிவிட்டேன்.

ஆந்தை

•

மார்ச் 7

வாலறுந்த ஆந்தைக்கு,

உன் அம்மாவுக்கு நான் தம்பியாகப் பிறந்தது போன பிறவியில் செய்த பாவம். அவள் வாயை மெத்தையாகத் தைத்தால் ஒரு கிராமமே அதில் படுக்கலாம். போகட்டும். தலையணைகள் அனுப்பப்பட்டுவிட்டன என்று அறிந்து அகமகிழ்ந்தேன். ஏற்புரை தயார். தரையில் விரித்தால் கடையைத் தாண்டித் தெருமுனை வரை போகிறது. தபால்காரர் அதன்மேல் நடந்துதான் வருகிறார்.

அந்த வெள்ளைப் புகை ஒளியின் ஜாலம். பெரிய கலைஞர்களுக்கு மட்டும் வரும். உனக்கு வயது போதாது.

நேற்று ஓட்டுநரம்மா எழுந்து சட்டையை நீவிக்கொண்டே முதன்முறையாக என்னிடம் நாலு வார்த்தை பேசினார். "வண்டியில கண்ண இமைச்சாக்கூடப் பின்னாடி யாராவது கத்துவாங்க, கடைக்காரரே. வீட்டுக்குப் போனா ஆளுக்கொரு பக்கம் கூப்பிடுவாங்க. இங்கதான் என்னை யாரும் பாக்கறதில்ல."

நான் ஒரு சிறப்பான பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தது வீணாகக் கூடாதே என்று கொட்டாவி விட்டு மூடிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ஏற்புரை ஏந்திய ஏகாம்பரச் சக்கரவர்த்தி (இன்றைய பட்டம் இது),
மாமா

•

மார்ச் 24

மாமாவுக்கு,

இதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். சாய்ந்துகொள்ளப் பக்கத்தில் மெத்தை இருக்குமல்லவா, அதில் சாய்ந்துகொண்டே படியுங்கள்.

உங்கள் படம் ஏற்கப்பட்டுவிட்டது. ஏற்கப்பட்டது மட்டுமில்லை, அமெச்சூர் பிரிவில் பதக்கம். வாசல் பக்கத்துச் சுவரில், தனி விளக்கோடு, அதைத்தான் மாட்டப்போகிறார்கள். கண்காட்சிப் படங்களுக்குச் சட்டம் போடும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்திருப்பதால் நடுவர்கள் எழுதிய குறிப்பையும் பார்த்துவிட்டேன். "கீழ் விளிம்பில் மிதக்கும் மேகம், கனவின் கரைபோல் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது கோபப்படலாம். அனுப்பியது தலையணைகளை இல்லை. இரண்டாவது படத்தை. பெரிதாகப் போட்டேன். 'நாலாவது மெத்தை' என்று நானே பெயர் வைத்தேன்.

யாருக்கும் காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். ஆனால் இத்தனை வருடம் நீங்கள் எடுத்ததில் 'என்னைப் பார், என்னைப் பார்' என்று கத்தாத படம் இது ஒன்றுதான். நீங்கள் அதில் எங்குமே இல்லை. அதனால்தான் அது நன்றாக இருக்கிறது. விண்ணப்பத்தில் 'படத்தில் உள்ளவரின் ஒப்புதல் பெறப்பட்டதா' என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று குறி போட்டேன். நீங்கள் தூணிடம்கூட நாலு மணி நேரம் பேசுகிறவர். கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

பதக்கம், மாமா. நிஜப் பதக்கம். கொஞ்சமாவது சந்தோஷப்படுங்களேன்.

ஆந்தை

•

மார்ச் 28

ஆந்தைக்கு,

படத்தைத் திரும்ப வாங்கிவிடு.

அவர் சீருடையில் இருக்கிறார். தொப்பியில் அவருடைய எண் தெரிகிறது. போன வருடம் அவரோடு வேலை பார்த்த ஒரு ஓட்டுநர் சிக்னலில் கொட்டாவி விட்டார் என்று யாரோ பயணி எழுதிப்போட்டு, அவரைப் பணிமனையில் டயர் கழுவ வைத்துவிட்டார்கள். கொட்டாவிக்கே அப்படி. இவர் சீருடையோடு தூங்குவதைப் பெருநகரமே வரிசையில் நின்று பார்க்கப்போகிறது. ஓய்வு நேரத்தில்தான் தூங்கினார் என்று படத்தில் எழுதியிருக்காது.

நான் அவரிடம் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது.

நேற்றும் வந்தார். படுத்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கடை நகரவில்லை.

இந்தக் கடிதத்தில் மிகை எதுவும் இல்லை.

மாமா

•

ஏப்ரல் 2

மாமாவுக்கு,

பட்டம் இல்லாமல் உங்களிடமிருந்து ஒரு கடிதம். அதை இரண்டு நாள் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். மன்னியுங்கள். நான் செய்தது தவறு.

கண்காட்சிச் செயலாளரைப் பார்த்தேன். விதிகளைத் தலைக்கு வைத்துப் படுக்கிற மனிதர். படம் தொங்கவேண்டுமானால் அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும். எடுக்கவேண்டுமானால் உங்கள் கையெழுத்து போதும். பதக்கம் போய்விடும். பெயர்ப் பட்டியல் அச்சாகிவிட்டதால் அந்த இடத்தில் வேறு படமும் வராது. பத்தொன்பதாம் தேதி திறக்கிறார்கள். அதற்குள் ஏதாவது ஒரு கையெழுத்து அனுப்புங்கள்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் என் அம்மாவின் மகள்.

அந்த வெள்ளைப் புகை என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன். சட்டம் போடும்போது அருகில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நூல் தையல் தெரிகிறது. அது தலையணை. கேமராவைத் தலையணைக்குள் புதைத்து, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய வைத்து எடுத்திருக்கிறீர்கள். சொடக்குச் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. அதுதானே? நடுவர்கள் கனவின் கரை என்று தடவிக்கொடுத்தது அந்தத் தலையணையைத்தான்.

நான் போட்ட குறி பொய். நீங்கள் வைத்த தலையணையும் பொய். மாமனும் மருமகளும் ஒரே அச்சு என்று அம்மா சும்மா சொல்லவில்லை.

சத்தமில்லாமல் படத்தை எடுத்துவிட்டால் அந்த அம்மாவுக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. வியாழக்கிழமை வருவார், தூங்குவார். உங்களுக்குப் பதக்கம் போகும், முகம் தப்பும். அதுதான் வேண்டுமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஆந்தை

•

ஏப்ரல் 11

ஆந்தைக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் எழும்வரை காத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து தொப்பியைத் தேடினார். தேநீரைக் கொடுத்து, நீ அனுப்பிய கையளவுப் படத்தையும் கொடுத்தேன்.

"யாரு இது?"

"நீங்கதான்."

ரொம்ப நேரம் பார்த்தார். "எப்ப எடுத்தீங்க?"

"பிப்ரவரியில."

"சத்தமே கேக்கலையே."

"கேமராவத் தலையணைக்குள்ள வச்சு எடுத்தேன். நீங்க முழிச்சுக்கக் கூடாதுன்னு."

"என் தூக்கம் கலையக் கூடாதுன்னு நெனச்சிருந்தா எடுக்காமலே இருந்திருப்பீங்க, கடைக்காரரே. மாட்டிக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கீங்க."

நீ அவருக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருப்பாயோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கண்காட்சியைச் சொன்னேன். பதக்கத்தைச் சொன்னேன். கையெழுத்து என்று நான் வாயெடுக்கும் முன்பே தலையை ஆட்டிவிட்டார். "வேண்டாங்க." கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வசனம் பேசித் தப்பித்திருப்பேன். தேநீரை வைத்துவிட்டு எழுந்து, தான் படுத்திருந்த பள்ளத்தை உள்ளங்கையால் தடவித் தடவிச் சமமாக்கினார். அங்கே யாரும் படுத்ததே இல்லை என்கிற மாதிரி. அப்புறம் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் எத்தனை வருடமாகப் பதக்கம் பதக்கம் என்று அலைந்தேன் என்பது உனக்குத் தெரியும். வந்த நிராகரிப்புச் சீட்டுகளை ஒட்டவைத்தால் நிலவுக்குப் போய்த் திரும்பி வரலாம் என்று சொல்வேனே. திரும்பி வந்தபின் நிற்க ஒரு இடம் வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

விலக்கல் கடிதம் இத்துடன். கையெழுத்து என்னுடையதுதான், கொஞ்சம் கோணலாக இருக்கும்.

மாமா

•

ஏப்ரல் 22

மாமாவுக்கு,

கண்காட்சி திறந்துவிட்டது. பெரிய படமும் நெகட்டிவும் இத்துடன் வருகின்றன. என்னிடம் வேறு பிரதி கிடையாது. இந்த முறை நம்பலாம்.

வாசல் சுவரில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது. விளக்கைத் திருப்ப மறந்துவிட்டார்களோ, விதியில் அதற்கு இடமில்லையோ, விளக்கு மட்டும் வெற்றுச் சுவரில் வட்டமாக விழுந்துகொண்டிருக்கிறது. கீழே ஒரு சின்ன அட்டை. 'நாலாவது மெத்தை.' உங்கள் பெயர்.

மாலையில் வேலை முடிந்து அங்கே போய் உட்காருகிறேன். வருகிறவர்கள் முதலில் அங்கேதான் நிற்கிறார்கள். அட்டையைப் படிக்கிறார்கள். சுவரைப் பார்க்கிறார்கள். ஒரு வயதான மனிதர் தன் மனைவியிடம், "புதுமாதிரியா இருக்குல்ல, நல்லா உத்துப் பாரு, ஒரு பள்ளம் தெரியுது" என்றார். அந்த அம்மா, "எனக்குத் தூக்கம்தான் தெரியுது, வாங்க போலாம்" என்றார். ஆனால் இருவரும் போகவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். தலையணைகள் போயிருந்தால்கூட இத்தனை பேர் நின்றிருக்க மாட்டார்கள். இது ஆறுதல்தான், குத்தல் இல்லை. பாதி குத்தல்.

வியாழக்கிழமை வந்தாரா?

ஆந்தை

•

மே 2

ஆந்தையே,

இரண்டு வியாழக்கிழமை வரவில்லை. நாலாவது மெத்தையில் ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்து குதித்துப் பார்த்தான். "அது விற்பனைக்கு இல்ல, தம்பி" என்று சொல்லி முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

உன் உறை வந்த மறுநாள் பெரிய படத்தையும் நெகட்டிவையும் எடுத்துக்கொண்டு அவருடைய பேருந்தில் ஏறினேன். அவர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்தேன். பேசலாம் என்று குனிந்தால் என் மூக்குக்கு நேரே ஒரு பலகை: 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' உன் மாமனை வாயை மூட வைக்க உலகத்தில் உள்ள ஒரே பலகை. கடைசி நிறுத்தம் வரை பேசாமல் போனேன். அவர் காலைப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தக் காலை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

எல்லாரும் இறங்கியபின், "எறங்குங்க, இதுக்கு மேல வண்டி போகாது" என்றார்.

"இது ரெண்டும் உங்களோடது. வேற பிரதி கிடையாது" என்று கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்துக்காகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு அமைதியா இருக்கேன்" என்றார், வேறு யாரையோ சொல்கிற மாதிரி. அப்புறம் படத்தைச் சுருட்டி இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். நான் நடந்தே வீடு வந்து சேர்ந்தேன். வழியில் இரண்டு கண்டங்கள் குறுக்கிட்டன.

நேற்று வந்தார். படுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"கேமராவக் கொடுங்க. நீங்க படுங்க."

"நானா?"

"நீங்க என்னைப் பாத்தீங்க. நான் உங்களைப் பாக்கணும். அதுதான் கணக்கு."

அவருக்குக் கேமராவைச் சொல்லிக் கொடுத்தேன். இந்தப் பொத்தான் என்றேன். "வண்டியில இதவிட நூறு பொத்தான் இருக்கு, நீங்க படுங்க" என்றார். படுத்தேன். மருமகளே, உன்னிடம் ஒன்று சொல்கிறேன், உன் அம்மாவிடம் சொல்லாதே. இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு மெத்தையில்கூடப் படுத்ததில்லை. படுத்தபடி தூங்குகிறாற்போல் நடித்தேன். கைகளைக் கம்பீரமாக மார்பில் கட்டி, மோவாயைத் தூக்கி.

"அது இல்ல. தூங்குங்க. நான் இருக்கேன்" என்றார்.

ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கத் தூங்குவது இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாயை எப்படி வைத்துக்கொள்வது? கை இரண்டும் யாருடையவை? வெயில் வந்து பிளாஸ்டிக் உறைகளில் ஏறியது. கடை பால் ஆனது. உறைகள் மூச்சு விட்டன. அப்புறம் கடை நகர்ந்தது.

இது மிகை இல்லை. நகர்ந்தது. இந்த முறை ஓட்டியது அவர். நான் பின்னால், ஜன்னல் ஓரம். இறங்கவேண்டிய இடம் எதுவும் இல்லை. வழியெல்லாம் யார் யாரோ அவரவர் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் நீ நின்றாய், கையில் தலையணையோடு. நிறுத்துங்க, நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பலகை ஞாபகம் வந்தது. ஆனால் நான் சொல்லாமலே வண்டி நின்றது.

டக்.

அந்தக் கேமரா அவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கே தெரியாது. பாறை பிளந்தது மாதிரி. விழுந்தடித்து எழுந்தேன்.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு."

"கேக்கணும்னுதான் தலையணை வைக்கல."

பிறகு நாலாவது மெத்தையிலிருந்து என்னைக் கையசைத்து இறக்கிவிட்டு, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவர் படுத்தார். நான் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

பெரிய படம் அவர் வீட்டில் மாட்டியிருக்கிறதாம், அவர் மட்டும் பார்க்கிற இடத்தில். கண்காட்சிக்கெல்லாம் வேண்டாம் என்றார். என் படத்தை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "ஊருக்கே காட்டுங்க" என்றார்.

பிலிம் இத்துடன். எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. படத்தில் உள்ளவரின் ஒப்புதல் என்று தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மாமா

•

மே 12

மாமாவுக்கு,

அதே சிவப்பு விளக்கில், அதே தட்டில் போட்டேன். முதலில் செருப்புகள் வந்தன. கழற்றாமலே படுத்திருக்கிறீர்கள். அப்புறம் வாய் வந்தது. அம்மாவின் வாயை மெத்தையாகத் தைப்பதைப் பற்றி எழுதினீர்களே, உங்கள் வாயில் அதைச் சுருட்டாமலே உள்ளே வைக்கலாம். தலைமாட்டில் தொங்கும் விலைச்சீட்டு சரியாக நெற்றியில் விழுந்திருக்கிறது. 'பாதி விலை' என்று தெளிவாகப் படிக்க முடிகிறது. ஒரு கை தரையில் தொங்குகிறது, யாரிடமோ எதையோ திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த கை மாதிரி.

அவர் ஜன்னலுக்கு முன்னால் நின்று எடுத்திருப்பதால் அவருடைய நிழல், தொப்பியோடு, உங்கள் கழுத்திலிருந்து கால்வரை போர்வையாக விழுந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் மேகம் எதுவும் இல்லை.

நேற்றோடு கண்காட்சி முடிந்தது. சட்டங்களைக் கழற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். நான் உங்கள் படத்தை எடுத்துக்கொண்டு அந்தக் காலி இடத்துக்குப் போனேன். செயலாளர் ஓடிவந்தார்.

"மாற்றுப் படம் கூடாதும்மா. விதி ஒன்பது."

"சரி சார்."

"படத்துல இருக்கிறவர்கிட்ட ஒப்புதல் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு சார்." தாளைக் காட்டினேன். இந்த முறை பொய்யில்லை.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். "விதிப்படி கண்காட்சி முடிஞ்சுபோச்சு. முடிஞ்ச பிறகு சுவத்துல இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு விளக்கை மட்டும் கொஞ்சம் திருத்தி வைத்துவிட்டுப் போனார்.

அட்டையில் உங்கள் பெயரை அடித்துவிட்டு எழுதினேன்: எடுத்தவர், ஒரு பேருந்து ஓட்டுநர். தூங்குபவர், என் மாமா. 'நாலாவது மெத்தை' என்பதை மாற்றவேண்டியிருக்கவில்லை. ஏணியில் நின்றவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. ஒருவர் மரப்பெட்டியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். நான் அவர் பக்கத்தில். மண்டபத்தைப் பூட்டுகிறவர் வந்து எங்கள் இருவரையும் எழுப்பினார்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, மெத்தைதான் எடுக்கணும்னு" என்கிறாள். நிராகரிக்கப்பட்டவர்களிலேயே நீங்கள்தான் முதலிடம். இது என் கருத்து.

அறையில் இன்னும் தூக்கம் வரவில்லை. அந்த மண்டபத்தில் வந்தது, இருட்டறையில் வந்தது, இங்கே மட்டும் வருவதில்லை. வருகிற வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. உங்கள் கனவில் நான் தலையணையோடு நின்றதாக எழுதியிருந்தீர்கள். அந்த வண்டியில் எனக்கு இடமிருந்ததா?

ஆந்தை

•

மே 16

மருமகளே,

நேற்று ஓட்டுநரம்மாவிடம் கேட்டேன். "எத்தனை பேர் வேணாலும் ஏறட்டும், எறங்கற எடத்த மட்டும் கேக்கக் கூடாது" என்றார்.

கடையில் புதிதாக ஒரு விதி போட்டிருக்கிறேன். படுப்பவர்களை, படுக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "தூங்கிட்டீங்கன்னா ஒரு படம் எடுத்துக்கலாமா?" பெரும்பாலும் வேண்டாம் என்கிறார்கள். ஒருவர், "என் குறட்டையையும் சேத்து எடுங்க" என்றார். முயன்று பார்த்தேன். மூன்று ஜன்னல் உடைந்ததுதான் மிச்சம்.

உன்னையும் வந்ததும் கேட்பேன். நீ என்ன சொன்னாலும் சரி.

ஐந்தாவது மெத்தையின் உறையைப் பிரித்து, கைக்குட்டை போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். வண்டி வியாழக்கிழமை மதியம் கிளம்பும்.

மாமா